வெளிநாட்டில் முதல் சம்பளம் குறைவு, பத்து வருடத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

தெஹிவளை_கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். மனைவி தனியார் வைத்தியசாலையில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். மகளுக்கு நாலு வயது. 2022இல் சாமான் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தோம். 2023 ஜனவரியில் சம்பள வரி 36 சதவீதம் வரை போனதையும் பார்த்தோம். அதிலிருந்து கனடாவுக்கு விண்ணப்பிப்போமா என்றுதான் வீட்டில் தினமும் கதை.

ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் சொல்கிறார்: "முதல் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ. பத்து வருஷத்திலே இங்கே பிறந்தவனை விட நீங்கள் கூட உழைப்பீங்கள்." அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, நல்ல வேலை இருக்கிறது. சும்மா சொல்கிறார் என்று தள்ள முடியாது. ஆனால் என்னோடு சேர்ந்து பரீட்சை எழுதிய ஒருவர் அங்கே போய்க் கனகாலம், இன்னும் களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றுகிறார். அவரும் பொய் சொல்லவில்லை.

குடிபெயர்ந்து போனவரின் உழைப்பு காலப்போக்கில் உண்மையில் எப்படிப் போகிறது? அனுபவம் இருப்பவர்கள், இதைப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை_குணா:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு கனேடிய டொலர் 200 ரூபாவுக்கு மேல். அங்கே பெட்டி ஏற்றினாலும் இங்கே மனேஜரை விடக் கூட. போங்கள்.

ஹவ்லொக்_வாசகி:

குணா, டொலரை ரூபாவால் பெருக்கினால் இங்கே வீட்டுக்கு அனுப்புகிற காசின் பெறுமதிதான் தெரியும். அங்கே வாடகை கட்டி வாழப்போகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 ஒக்டோபரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். வாரம் 40 மணித்தியாலம் என்றால் வரிக்கு முன் மாதம் 3,050 டொலர் அளவில் வரும். ரூபாவில் ஆறு இலட்சத்துக்கு மேல் என்று கேட்க நன்றாக இருக்கும். அதே டொலரில்தான் வாடகை, சாப்பாடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவு எல்லாம்.

தம்பி கேட்டது வேறு கேள்வி, நல்ல கேள்வி. நான் புள்ளிவிபரத்தோடு வேலை செய்கிறவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மச்சான் சொன்னதை ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களும் சொன்னார்கள். பரி சிஸ்விக் என்ற பொருளியலாளர் 1978இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் 1970 குடிசன மதிப்பை எடுத்து, வெளிநாட்டில் பிறந்த ஆண்களின் வருமானத்தை அங்கேயே பிறந்தவர்களின் வருமானத்தோடு ஒப்பிட்டார். வந்த புதிதில் குறைவாக உழைக்கிறார்கள், 10 முதல் 15 வருடத்தில் எட்டிப் பிடிக்கிறார்கள், அதற்குப் பிறகு முந்துகிறார்கள் என்று அவருக்கு முடிவு வந்தது. "பத்து வருஷம்" என்ற பேச்சுக்கு ஆதாரம் தேடினால் பலரும் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

1985இல் ஜோர்ஜ் போர்ஹாஸ் இந்தக் கணக்கில் இருந்த ஓட்டையைக் காட்டினார். ஒரே ஒரு வருடத்துக் கணக்கெடுப்பில் 20 வருடம் இருந்தவரும் 5 வருடம் இருந்தவரும் வேறு வேறு ஆட்கள். வேறு காலத்தில், வேறு காரணத்துக்காக வந்தவர்கள். நம்முடைய ஆட்களையே எடுங்கள். எழுபதுகளில் கனடாவுக்குப் போன இலங்கைத் தமிழர் கொஞ்சப் பேர்தான், அவர்களில் பலர் படிப்போடும் தொழிலோடும் போனவர்கள். 83 கலவரத்துக்குப் பிறகு போனவர்கள் உயிர் தப்பப் போனவர்கள், படிப்பை இடையில் விட்டவர்கள் எத்தனையோ பேர். 1991இல் ஒருவர் இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "முன்னதாக வந்தவர் இவ்வளவு உழைக்கிறார், பின்னால் வந்தவரும் 15 வருடத்தில் இதை எட்டுவார்" என்று சொன்னால் அது எவ்வளவு பிழையாகப் போகும்! ஒரே கூட்டத்தை 1970 கணக்கிலும் 1980 கணக்கிலும் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஏற்றம் இருந்தாலும் அது சிஸ்விக் சொன்ன அளவுக்கு வேகமானதல்ல என்று போர்ஹாஸ் எழுதினார்.

இன்னொன்றும் இருக்கிறது. 2007இல் டரன் லுபொட்ஸ்கி அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வருமானப் பதிவுகளை வைத்து, அதே ஆட்களை வருடா வருடம் தொடர்ந்து பார்த்தார். முன்னைய கணக்குகள் காட்டிய ஏற்றத்தில் பாதியளவுதான் மிஞ்சியது. குறைவாக உழைத்த பலர் நாடு திரும்பிவிடுகிறார்கள், அவர்கள் அடுத்த கணக்கெடுப்பில் இல்லை. மிஞ்சி நிற்பவர்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் எல்லோரும் ஏறியது போலத் தெரியும்.

ஆகவே மச்சான் சொல்வது அவருடைய வாழ்க்கையில் உண்மை. அதை எல்லோருக்கும் பொதுவான நேர அட்டவணையாக எடுக்காதீர்கள். ஏற்றம் உண்டு. எட்டிப் பிடிப்பது எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஸ்காபரோ_ஐயா:

நான் திரும்பி வந்து வெள்ளவத்தையில் இருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் போனவன், கட்டுபெத்தையில் பொறியியல் படித்துவிட்டு.

அங்கே முதல் வேலை ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், இரவு ஷிப்ட். அச்சிலிருந்து வரும் மூடிகளின் ஓரத்தைச் சீவிப் பெட்டியில் போடவேண்டும். சூட்டோடு வரும், கையுறை போட்டால் வேகம் வராது என்று எல்லோரும் வெறுங்கையோடு சீவுவோம், விரல் நுனியில் தோல் தடித்துப்போகும். வருடத்துக்கு ஒரு தடவை சம்பளம் கூட்டுவார்கள், மணித்தியாலத்துக்குச் சில சதம். அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது, இப்படியே ஏறினால் எந்தக் காலத்தில் என்று மனதுக்குள் கணக்குப் போடுவேன்.

நான் கண்டதைச் சொல்கிறேன். அதே இடத்தில் இருந்தவரை என் சம்பளம் பெரிதாக ஏறவில்லை. ஏறியது இடம் மாறியபோது. மாலை வகுப்பில் தரக்கட்டுப்பாடு படித்து ஒரு சான்றிதழ் எடுத்தேன். அதை வைத்து வேறொரு தொழிற்சாலைக்குப் போனபோது ஒரே தாவலில் கிடைத்தது முதல் இடத்தின் எல்லாக் கூட்டல்களையும் சேர்த்தாலும் வராது. அதற்குப் பிறகு மேற்பார்வையாளர். பொறியியலாளர் என்று கையெழுத்துப் போட அங்கே உரிமப் பரீட்சை வேண்டும். எனக்கு அப்போது பிள்ளைகள், வீட்டுக் கடன், ஊரில் தங்கச்சிமாரின் கலியாணம்.

இன்னொன்று, போன நேரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில் பொருளாதார மந்தம். எனக்கு இரண்டு மூன்று வருடம் பிந்தி வந்த பொடியள் வேலையே இல்லாமல் அலைந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். அந்த அடி அவர்களுக்குக் கனகாலம் இருந்தது.

ஹவ்லொக்_வாசகி:

ஐயா சொன்ன கடைசி விஷயம் சுவீடனில் வடிவாகப் பதிவாகியிருக்கிறது. அங்கேயும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரிய வீழ்ச்சி. வேலையில்லாத காலத்தில், வேலையில்லாத ஊருக்கு வந்து சேர்ந்த அகதிகளின் வருமானத்தில் அந்தப் பாதிப்பு பல வருடங்களுக்குத் தெரிந்தது. அவர்களுடைய உழைப்பிலும் திறமையிலும் குறை இல்லை.

இடம் மாறும்போதுதான் ஏறுகிறது என்பதுதான் இந்த இழையில் இதுவரை வந்த பெரிய விஷயம் என்பேன். 2025இல் நேச்சர் சஞ்சிகையில் ஒன்பது நாடுகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது, கனடாவும் அதில் உண்டு. குடிபெயர்ந்தவர்கள் சராசரியாக 17.9 சதவீதம் குறைவாக உழைக்கிறார்கள். அந்த இடைவெளியில் முக்கால்வாசி, நல்ல சம்பளம் கொடுக்கும் வேலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் அவர்கள் போய்ச் சேராததால் வருவது. ஒரே நிறுவனத்தில் ஒரே வேலைக்குக் குறைத்துக் கொடுப்பதால் வருவது கால்வாசிதான்.

மாளிகாவத்தை_நானா:

அக்கா, நீங்கள் எல்லோரும் குடியேறப் போகிறவர்களைப் பற்றிக் கதைக்கிறீர்கள். இலங்கையிலிருந்து வேலைக்கென்று போகிறவர்களில் பெரும்பகுதி வளைகுடாவுக்குத்தானே. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேல் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள். அவர்களுக்கு இந்தப் பத்து வருடக் கதையே கிடையாது.

என் சாச்சாவின் மகன் கட்டாரில் ட்ரைவர். அங்கே போன முதல் வருடம் என்ன சம்பளமோ, கனவருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதேதான். அரபு நன்றாகக் கதைப்பார், ஊர் முழுக்கத் தெரியும், முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வளர்த்ததே அவர்தான் என்று சொல்லலாம். அனுபவம் கூடக் கூடச் சம்பளம் கூடும் என்ற சட்டம் அவருக்கு ஏன் வேலை செய்யவில்லை? வேறு இடத்துக்குப் போக முதலாளி எழுதிக் கொடுக்கவேண்டும், முதலாளி கொடுக்கமாட்டார். அவ்வளவுதான் காரணம். எனக்கு இதை நினைத்தால் வயிறு எரியும்.

ஹவ்லொக்_வாசகி:

நானா சொன்னதற்கு நேரடியான ஆதாரமே இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2011 ஜனவரியில் ஒரு மாற்றம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளி பழைய முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலே வேறு இடத்துக்கு மாறலாம். அதற்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தவர்களின் வருமானம் பத்து சதவீத அளவில் கூடியது. பலர் இடம் மாறவே இல்லை, பழைய முதலாளியே கூட்டிக் கொடுத்து வைத்துக்கொண்டார். ஆள் அதே ஆள், வேலை அதே வேலை.

கட்டாரிலும் 2020இல் அந்த அனுமதிக் கடிதத்தைச் சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். 2021 மார்ச்சிலிருந்து 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம், சாப்பாடும் இடமும் கொடுக்காவிட்டால் 300ம் 500ம் மேலதிகமாக. உங்கள் உறவினருக்கு இது தெரியுமா என்று ஒருதரம் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை_ராணி:

என் தம்பி சுவிஸ், பேர்ண் பக்கம். அங்கேயும் இதே கதைதான், முதலாளிக்குப் பதில் விசா அட்டை. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அவனிடம் N அட்டை. அந்த அட்டையோடு ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினான். முதலாளிமார் அவனை நல்ல வேலைக்கு எடுக்கப் பயப்பட்டார்கள், நாளைக்குத் திருப்பி அனுப்பினால் யாரைப் பழக்கி என்ன பயன் என்று. மொழி வகுப்புக்கும் அப்போது வழி இல்லை. நல்ல வயது முழுக்க அந்தச் சிங்க்கடியில் போனது.

வதிவிட அனுமதியான B அட்டை கிடைத்த பிறகுதான் ஜேர்மன் படித்தான், சமையல் பயிற்சிக்குப் போனான். இப்போது அதே மாதிரி ஒரு குசினியில் தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த ஆள். நன்றாக உழைக்கிறான். ஆனால் அந்த அட்டை ஐந்து வருடம் முன்னால் வந்திருந்தால் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் கவலைப்படுவார்.

கணக்குத் தம்பிக்குச் சொல்ல வந்தது, நீங்கள் நிரந்தர வதிவிடத்தோடு போவதென்றால் இந்தப் பிரச்சினையில் பாதி உங்களுக்கு இல்லை. எப்படியாவது உள்ளே போய்விடுவோம், பிறகு பார்ப்போம் என்று சொல்லும் முகவர்களை நம்பிப் போகாதீர்கள்.

ஹவ்லொக்_வாசகி:

ராணி அக்கா, அம்மா சரியாகத்தான் சொல்கிறார். ஜேர்மனியில் அகதிகள் வேலை செய்யத் தடை இருந்தது. 2000இல் அந்தத் தடைக்காலத்தைக் குறைத்தார்கள். அதனால் ஒரு வருட இடைவெளியில் வந்த இரண்டு கூட்டங்களில் முன்னால் வந்தவர்கள் சராசரியாக ஏழு மாதம் கூடக் காத்திருக்க நேர்ந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், கூடக் காத்திருந்தவர்களில் வேலையில் இருந்தவர்களின் வீதம் 20 சதவீதப் புள்ளி குறைவு. ஏழு மாதத்துக்கு அவ்வளவு பெரிய விலை.

ஹற்றன்_செல்வா:

வணக்கம். நான் வெளிநாடு போனவன் இல்லை. தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சேர்ந்தேன், சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே, சம்பளத்தை ஊருக்கு முதலாளியே அனுப்பிவிடுவார். நானா எழுதியதை வாசிக்கும்போது என் கதை மாதிரியே இருந்தது. சிங்களம் சரளமாக வந்த பிறகு வேறு கம்பனிக்கு விற்பனைப் பிரதிநிதியாகப் போனேன், சம்பளம் இரண்டு மடங்கு. கடையில் என்னோடு படுத்த பொடியன்கள் சிலர் அப்படியே இருக்கிறார்கள். என்னை விட நன்றாக வேலை செய்கிறவர்கள்.

தெஹிவளை_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. செல்வா, உங்கள் பதிவு மனதைத் தொட்டது.

இனி எங்கள் வீட்டு விஷயம். முதல் வருடங்களில் ஒருவர் உழைத்து மற்றவர் படிக்கவேண்டி வரும். நான் அங்கத்தைய கணக்கியல் பரீட்சைகளை முடிக்கும்வரை மனைவி ஏதாவது வேலைக்குப் போகட்டும் என்று மச்சான் சொல்கிறார். அவர்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்களாம். இது சரியான வழியா?

கொட்டாஞ்சேனை_ராணி:

தம்பி, கோபிக்காதீர்கள். ஏன் மனைவி? அவரும் படித்தவர்தானே? என் மச்சாள் ஒருத்தி, இங்கே அரசாங்க ஆசிரியை. அங்கே போய் அண்ணா படிக்கும்வரை என்று துப்புரவு வேலையில் சேர்ந்தாள். அண்ணா படித்து முடித்து நல்ல வேலையிலும் சேர்ந்துவிட்டார். அவள் இன்னும் துப்புரவு வேலைதான். அவளுடைய முறை வரவே இல்லை.

ஹவ்லொக்_வாசகி:

இதைப் பற்றியும் கனடாவிலேயே எழுதியிருக்கிறார்கள். மைக்கேல் பேக்கர், டுவெய்ன் பெஞ்சமின் இருவரும் 1997இல். குடிபெயர்ந்த குடும்பங்களில் ஆரம்பத்தில் மனைவிமார் வளர்ச்சியில்லாத வேலைகளில் சேர்ந்து வீட்டைத் தாங்குகிறார்கள், கணவன்மார் அந்த நேரத்தில் தங்களை வளர்த்துக்கொள்கிறார்கள், பிறகு மனைவிமாரின் வருமானம் பின்தங்கிவிடுகிறது. ராணி அக்காவின் மச்சாளின் கதையே ஆராய்ச்சியாக வந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மருத்துவ ஆய்வுகூட வேலை அங்கே உரிமம் தேவைப்படும் தொழில். உரிமம் இல்லாமல் அந்த வாசலுக்குள் கால் வைக்க முடியாது. கிடைத்துவிட்டால் ஒரே நாளில் அந்தத் தொழிலின் முழுச் சம்பள அளவுக்குள் வந்துவிடலாம். கணக்கு வேலை அப்படி இல்லை. சான்றுபெற்ற கணக்காளர் பட்டம் இல்லாமலும் கொடுப்பனவுப் பிரிவு, கணக்குப் பதிவு என்று கீழ்ப்படியில் நுழையலாம், அது உங்கள் தொழிலோடு ஒட்டிய வேலைதான். நீங்கள் உழைத்துக்கொண்டு இருக்க, மனைவி முதலில் உரிமம் எடுத்தால் வீட்டு வருமானம் சீக்கிரம் ஏறும். அப்புறம் உங்கள் முறை. இதுதான் என் எண்ணம், உறுதியாகவே சொல்கிறேன்.

வெள்ளவத்தை_குணா:

அக்கா, இங்கத்தைய அனுபவத்தைக் கனடாக்காரன் மதிப்பானா? அதுதான் பெரிய பிரச்சினை என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள்.

ஹவ்லொக்_வாசகி:

குணா, உண்மையான பிரச்சினை. வெளிநாட்டில் வேலை செய்த வருடங்களுக்குக் கனடாவில் கிடைக்கும் பெறுமதி மிகக் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ரொறன்ரோவில் ஆயிரக்கணக்கான மாதிரி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த பிலிப் ஒரியோபுலஸின் ஆய்வில், ஒரே தகைமைக்கு ஆங்கிலப் பெயருக்கு வந்த அழைப்புகள் இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு வந்ததை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட. இது அநியாயம், வேறு சொல் இல்லை. ஒன்ராறியோவில் 2026 ஜனவரியிலிருந்து 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனேடிய அனுபவம் கட்டாயம் என்று போட முடியாது. விளம்பரத்திலிருந்து அந்த வரி போய்விடும். நேர்முகத்தில் உட்கார்ந்திருப்பவரின் மனதிலிருந்தும் போகுமா என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

ஸ்காபரோ_ஐயா:

மனதிலிருந்து லேசில் போகாது. ஆனால் உள்ளே இருக்கும் ஒருவர் "எனக்கு இவரைத் தெரியும்" என்று சொன்னால் போகும். நான் மேற்பார்வையாளராக இருந்தபோது எங்கள் ஆட்கள் எத்தனையோ பேரை அப்படி உள்ளே எடுத்தேன். அதில் ஒரு சிக்கலும் உண்டு. எங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த வேலைக்குத்தான் சிபாரிசு கிடைக்கும். எல்லோரும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருந்தால் நீங்களும் அங்கேதான். மச்சானிடம் வேலை கேட்காதீர்கள். கணக்கு வேலையில், ஆய்வுகூடத்தில் இருக்கும் யாரையாவது தெரியுமா என்று கேளுங்கள்.

தெஹிவளை_கணக்கு:

இந்தக் கேள்வியை இன்றைக்கே கேட்கிறேன் ஐயா. மனைவியும் இந்த இழையை முழுக்க வாசித்தார். அவருடைய உரிம வேலையை முதலில் தொடங்குவது என்று முடிவெடுத்துவிட்டோம்.

மகளைப் பற்றி ஒரு கேள்வி. எங்கள் உழைப்பு முழுதாக எட்டாவிட்டாலும் பிள்ளைக்கு?

ஹவ்லொக்_வாசகி:

அந்த ஒன்பது நாட்டு ஆய்விலேயே பதில் இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளின் காலத்தில் 17.9 என்ற இடைவெளி 5.7 சதவீதமாகக் குறைகிறது. உங்கள் மகள் நாலு வயதில் போகிறாள், பள்ளிக்கூடம் முழுக்க அங்கேதான். கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் வருவாள்.

மனைவியின் விஷயத்தில் ஒரு வேலையை இப்போதே செய்யுங்கள். தகைமை மதிப்பீட்டுக்குப் பெறுபேற்றுப் பத்திரமும் பாடநெறி விபரமும் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக, முத்திரையிட்டு அனுப்பவேண்டும். போட்டோப்பிரதி எடுபடாது. அங்கே போன பிறகு கேட்டால் இங்கே யாராவது அலையவேண்டும்.

கொட்டாஞ்சேனை_ராணி:

பதிவாளர் அலுவலகத்துக்குக் காலையிலேயே போகச் சொல்லுங்கள். பாடநெறி விபரம் பழைய பிரிவுக்கு வேறாக இருக்கும், அவர் படித்த வருடத்துக்குரியதுதான் தருகிறார்களா என்று பார்த்து வாங்கட்டும். வேலை செய்த ஆய்வுகூடத்திலிருந்தும் என்னென்ன பரிசோதனை செய்தார் என்று விபரமாக ஒரு கடிதம், விலகுவதற்கு முன்னமே.